பாக்கெட் உணவை விட்டு இயல்பான உணவுக்கு மாறுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாக்கெட் தின்பண்டங்களையும் குளிர்பானங்களையும் விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுப்பவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எவ்வளவு செலவாகும், நாக்கின் தவிப்பு எப்போது அடங்கும் என்று வரிசையாகச் சொல்பவர்கள்தான் குறைவு. அந்த வரிசை தெரியாமல் நான் நெடுநாள் அல்லாடினேன். நீங்களும் அல்லாட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாக்கெட்டைப் பிரித்தால் பாதியில் நிறுத்த முடியவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொண்டிருந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள். 2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் மருத்துவ மையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் இயல்பான உணவு. பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றார்கள். மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். வேகமாகவும் உண்டார்கள். இரண்டு வாரத்தில் எடை ஏறத்தாழ 0.9 கிலோ கூடியது. இயல்பான உணவில் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. அவர்களுடைய மன உறுதி அந்தச் சில வாரங்களுக்குள் கூடிக் குறைந்திருக்காது. மாறியது உணவுதான். ஆகவே கீழே உள்ள படிகள் எதுவும் உங்கள் மன உறுதியை நம்பி அமைக்கப்படவில்லை.

1. எதை விடப்போகிறீர்கள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள்

"பதப்படுத்திய உணவு எதுவும் வேண்டாம்" என்று தொடங்குபவர்கள் சில நாள்களிலேயே களைத்துப்போவார்கள். அரைத்த மாவும் தயிரும் உறையவைத்த பட்டாணியும்கூடப் பதப்படுத்தப்பட்டவைதான். அவற்றையெல்லாம் விலக்கினால் உண்பதற்கு மிகக் குறைவாகவே மிஞ்சும்.

பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மான்டேரோவும் குழுவினரும் வகுத்த 'நோவா' வகைப்பாடு இங்கே நன்றாகக் கைகொடுக்கும். அது உணவை நான்காகப் பிரிக்கிறது. முதல் வகை, இயற்கையாகவோ சிறிதளவே பதப்படுத்தியோ கிடைப்பவை: காய், கனி, தானியம், பருப்பு, முட்டை, பால், மீன், இறைச்சி, கொட்டைகள். இரண்டாவது, சமையலுக்குத் துணை நிற்பவை: எண்ணெய், வெண்ணெய், உப்பு, சர்க்கரை. மூன்றாவது, முதல் வகையோடு இரண்டாவதைச் சேர்த்துச் செய்பவை: பாலாடைக்கட்டி, டப்பாவில் அடைத்த பயறு, எளிய ரொட்டி. நான்காவதான மிகையாகப் பதப்படுத்திய உணவுதான் நாம் பேசப்போவது. வீட்டுச் சமையலறையில் இருக்கவே இருக்காத பொருள்களைக் கொண்டு தொழிற்சாலையில் உருவாக்கப்படுபவை. சுவையூட்டி, நிறமூட்டி, எண்ணெயும் நீரும் பிரியாமல் காக்கும் குழம்பாக்கி, பிரித்தெடுத்த மாவுச்சத்து, மாற்றியமைத்த கொழுப்பு ஆகியவை இவற்றில் சேர்கின்றன. குளிர்பானம், சிப்ஸ், கிரீம் பிஸ்கட், உடனடி நூடுல்ஸ், பெரும்பாலான இனிப்பூட்டிய காலை உணவுத் தானியங்கள் எல்லாம் இந்த வகை.

உங்கள் சண்டை நான்காவது வகையோடு மட்டும். மூன்றாவது வகையோடு சமாதானமாக இருங்கள். டப்பாப் பயறுகளையும், முதல் வகையிலேயே சேரும் உறையவைத்த காய்கறிகளையும் குற்ற உணர்வின்றி வாங்குங்கள். நேரமில்லாத நாளில் உங்களைக் காப்பாற்றப்போவது அவைதான். டப்பாப் பயற்றை நீரில் அலசினால் உப்பில் ஒரு பகுதி போய்விடும்.

2. தொடங்குமுன் தயாராக வைத்திருக்க வேண்டியவை

உணவை மாற்றுவதற்கு என்ன ஆவணம் என்று தோன்றலாம். நான்கு தேவைப்படும்.

முதலாவது, ஒரு வார உணவுக் குறிப்பேடு. எதையும் மாற்றாமல், ஒரு முழு வாரம் உண்பதையும் குடிப்பதையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மணி என்ன, எங்கே இருந்தீர்கள், பசி இருந்ததா, மனநிலை எப்படி என்று நான்கு சொற்கள் போதும். கலோரி கணக்கு வேண்டாம். வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மணியும் ஒரே இடமும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பின்னால் வரும் ஐந்தாவது படியும் ஏழாவது படியும் இந்தக் குறிப்பேட்டை நம்பித்தான் இருக்கின்றன. இதைத் தவிர்த்துவிட்டு நேராக அங்கே தாவாதீர்கள்.

இரண்டாவது, கடந்த ஒரு மாத மளிகை, வெளியுணவு ரசீதுகள். எட்டாவது படிக்கு இவை வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல். இதை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் யார் என்று கவனமாகப் படியுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் இனிப்பையும் மாவுப்பொருளையும் சட்டென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு உப்பு வெகுவாகக் குறைந்தால் தலைசுற்றல் வரலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குலைக்கும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பழமும் கிழங்கும் பயறும்கூடப் பொட்டாசியத்தால் சிக்கலாகலாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும் என்பதையும் அவர்கள் மறக்கக் கூடாது. கர்ப்பிணிகளும், கட்டுக்கடங்காமல் உண்பது, உண்டதை வாந்தியெடுப்பது, பட்டினி கிடப்பது போன்ற சிக்கல் இருந்தவர்களும் இந்த வழிகாட்டியைத் தனியாகப் பின்பற்ற வேண்டாம்.

நான்காவது, இரத்தப் பரிசோதனை அறிக்கை. கட்டாயமில்லை, ஆனால் வசதியிருந்தால் எச்பிஏ1சி (இரத்தச் சர்க்கரையின் சராசரி அளவு), கொழுப்பு அளவுகள் இரண்டையும் தொடக்கத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தையும் குறித்துவையுங்கள். எடையைவிட இவை நம்பகமான சாட்சிகள்.

3. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் ஆவணம். கடையில் ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம் செலவிட்டால் போதும். ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் அடுத்த முறை அந்த ஒரு நிமிடமும் வேண்டாம்.

முதலில் சேர்பொருள் பட்டியல். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும், போகப்போகக் குறையும். ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே அந்தப் பொருள் என்ன என்பது தெரிந்துவிடும். 'ஓட்ஸ் பிஸ்கட்' என்று முன்பக்கம் சொல்லும். பின்பக்கம் சுத்திகரித்த கோதுமை மாவு, சர்க்கரை, தாவரக் கொழுப்பு என்று தொடங்கி, ஓட்ஸ் ஆறாவது இடத்தில் இருக்கலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. சர்க்கரையைப் பல பெயர்களாகப் பிரித்துப்போட்டால் அவை ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், இன்வெர்ட் சிரப், கார்ன் சிரப், மால்ட் சாறு, பழச்சாற்று அடர்கரைசல் ஆகிய எல்லாமே சர்க்கரைதான். மால்டோடெக்ஸ்ட்ரின் இனிக்காது, ஆனாலும் இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். இவற்றில் மூன்று ஒரே பட்டியலில் இருந்தால் பொருளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியைப் பார்க்காதீர்கள். இரண்டு பிஸ்கட்டை ஒரு பரிமாறல் என்று போட்டிருப்பார்கள்; இரண்டோடு யாரும் நிறுத்துவதில்லை. '100 கிராமுக்கு' என்ற பத்திதான் உங்களுக்கு. பிரிட்டனின் வண்ணக்குறி முறை இதற்கு எளிய அளவுகோல் தருகிறது: 100 கிராம் உணவில் சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 5 கிராம் வரை பச்சை. உப்பு 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 0.3 கிராம் வரை பச்சை. இந்த நான்கு எண்களையும் தொலைபேசியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சில நாடுகளில் உப்புக்குப் பதிலாக சோடியம் என்று அச்சிடுவார்கள். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்பது பார்க்கச் சிறிதாகத் தெரியும். அது 2 கிராம் உப்பு. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதே நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையும் சேர்ந்து நாளின் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். சர்க்கரை 4 கிராம் என்றால் ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். 330 மில்லிலிட்டர் கோலா பானத்தில் சுமார் 35 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒன்பது தேக்கரண்டி இருக்கும்.

முன்பக்கச் சொற்களில் ஏமாறாதீர்கள். 'இயற்கையானது' என்ற சொல்லுக்குப் பல இடங்களில் உறுதியான சட்ட வரையறை இல்லை. 'பல தானியம்' என்றால் பல வகைத் தானியம் என்றுதான் பொருள். முழுத் தானியம் என்று பொருளில்லை. 'கொழுப்பு குறைந்தது' என்பதில் சுவையை ஈடுகட்டச் சர்க்கரை கூடியிருக்கலாம். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பதில் இயல்பாகவே சர்க்கரை நிறைந்த பழக்கூழ் இருக்கலாம்.

4. விலக்கும் முன் தட்டை நிரப்புங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வீட்டிலுள்ள பாக்கெட்டுகளை முதல் நாளே குப்பையில் போட்டுவிட்டு, மதியத்துக்கு என்ன என்று தெரியாமல் நிற்பதுதான் பெரும்பாலானோர் திரும்பிப்போவதற்குக் காரணம். காலி வயிற்றோடு யாராலும் தவிப்பை வெல்ல முடியாது. ஆகவே முதல் இரண்டு வாரம் எதையும் விட வேண்டாம். சேர்க்க மட்டும் செய்யுங்கள்.

ஒவ்வொரு வேளையிலும் மூன்று கேள்வி கேளுங்கள். புரதம் எங்கே? அது முட்டையோ, பருப்போ, பயறோ, மீனோ, தயிரோ, இறைச்சியோ எதுவாகவும் இருக்கலாம். காயோ கனியோ எங்கே? மெல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மிகையாகப் பதப்படுத்திய உணவு பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும். வேகமாக உள்ளே போய்விடும். வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்கு எட்டுவதற்குள் பாக்கெட் காலியாகிவிடும். முழுத் தானியம், தோலோடு பழம், பச்சைக் காய், கொட்டைகள் எல்லாம் மெல்லும் நேரத்தைக் கூட்டும்.

இலக்கு என்று ஒன்று வேண்டுமானால், காயும் கனியும் சேர்த்து நாளுக்கு 400 கிராம், நார்ச்சத்து 25 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகளை வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே வாரத்தில் எட்டப் பார்க்காதீர்கள். பயறும் நார்ச்சத்தும் திடீரென்று கூடினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும். "இயல்பான உணவு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீரையும் கூட்டுங்கள்.

காலை உணவைத் தவிர்த்து, மதியம் அரைகுறையாக உண்டு, மாலையில் நொறுக்குத் தீனியிடம் தோற்பது மிகப் பரவலான வழக்கம். குறிப்பேட்டில் உங்களுக்கும் இது தெரிந்தால், மாலைத் தவிப்பின் மருந்து மதியத் தட்டில் இருக்கிறது.

5. ஒரு நேரத்தில் ஒன்றை விடுங்கள்

மூன்றாவது வாரத்தில் விலக்கத் தொடங்கலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கொடுங்கள்.

முதலில் பானங்கள். குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை. அதை விடுவதால் பசி பெரிதாகக் கூடுவதுமில்லை. உழைப்பு குறைவு, பலன் அதிகம். பழச்சாறும் இதில் சேரும், பழமாகவே உண்ணுங்கள். தேநீரிலும் காப்பியிலும் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாமல், வாரம் கால் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு கண்டுகொள்ளாமலே பழகிவிடும்.

கோலாவும் ஆற்றல் பானங்களும் குடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவற்றில் காஃபின் இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கி, 20 முதல் 51 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், 2 முதல் 9 நாள் வரை நீடிக்கலாம். இதைச் சர்க்கரைத் தவிப்பு என்று நினைத்து இனிப்பைத் தேடிப் போகாதீர்கள். சில நாள்களுக்கு ஒருமுறை கால் பங்கு வீதம் குறைத்தால் இந்தத் துன்பமே இல்லை.

சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டியா? எடையைக் கட்டுப்படுத்துவதற்காக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் குறிப்பிட்டது. இடைக்காலப் பாலமாகச் சில வாரம் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாக்கு அதே இனிப்பு அளவிலேயே தங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது, குறிப்பேட்டில் அதிகமுறை வந்த ஒரே ஒரு தின்பண்டம். எல்லாவற்றையும் அல்ல, அந்த ஒன்றை மட்டும். அது இருந்த மணிக்கும் இடத்துக்கும் மாற்று ஒன்றை முன்னதாகவே வைத்துவிடுங்கள். மொறுமொறுப்புக்கு ஏங்கினால் வறுத்த கடலையோ கொட்டைகளோ வெள்ளரியோ. இனிப்புக்கு ஏங்கினால் நன்கு பழுத்த பழமோ உலர்பழமோ. குளிர்ச்சிக்கு ஏங்கினால் உறையவைத்த பழத்துண்டுகளும் தயிரும். உப்புச் சிப்ஸுக்கு மாற்றாக ஆப்பிளை வைத்தால் பலிக்காது. நாக்கு எதைக் கேட்கிறதோ அந்தத் தன்மையிலேயே பதில் கொடுங்கள்.

அதற்குப் பிறகு பாக்கெட் காலை உணவு. பிறகு உடனடி நூடுல்ஸ், உறையவைத்த தயார் உணவுகள். சாஸ், மசாலாக் கலவை, சூப் பொடி போன்றவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கரண்டி சாஸின் துணையால் ஒரு தட்டுக் காய்கறி உள்ளே போகிறது என்றால், இப்போதைக்கு அந்த சாஸ் இருக்கட்டும்.

6. கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்

வாங்காமலிருப்பதே சிறந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு வேண்டுமென்றால், ஒளிபுகாத டப்பாவில், உயரமான அலமாரியில், ஒரே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மேசைமேல் பழக்கிண்ணம் இருக்கட்டும். பசியோடு கடைக்குப் போகாதீர்கள். பட்டியல் இல்லாமலும் போகாதீர்கள். தொலைபேசியில் உணவு வரவழைக்கும் செயலியில் அட்டை விவரங்களைச் சேமித்திருந்தால் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எண்களைத் தட்ட வேண்டியிருந்தால் பல முறை வேண்டாமென்று விட்டுவிடுவீர்கள்.

7. தவிப்பு வரும் அந்தக் கால் மணி நேரம்

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் தவிப்பு வரும். அது வரும்போது என்ன செய்வது என்று அப்போது யோசிக்க முடியாது. இப்போதே எழுதிவையுங்கள்.

முதலில், பசியா தவிப்பா என்று பிரித்தறியுங்கள். ஒரு வேகவைத்த முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ கிடைத்தால் உண்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். ஆம் என்றால் பசி. உடனே உண்ணுங்கள், காக்க வேண்டாம். "இல்லை, அந்தக் குறிப்பிட்ட சாக்லேட்தான் வேண்டும்" என்றால் தவிப்பு.

தவிப்பு கடலலையைப் போன்றது. எழும், உச்சிக்கு வரும், தானாகவே இறங்கும். இறங்காமல் ஏறிக்கொண்டே போகும் என்ற பயம்தான் நம்மைப் பாக்கெட்டை நோக்கித் தள்ளுகிறது. 15 நிமிடத்துக்குக் கடிகாரத்தில் மணி வைத்துவிட்டு எழுந்து நடங்கள். பிரிட்டனின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சாக்லேட் பிரியர்களிடம் செய்த ஆய்வில், 15 நிமிட விரைவு நடை சாக்லேட் ஆசையைக் குறைத்தது. வெளியே போக முடியாதா? பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு வழி கண்டார்கள்: திரையில் விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை மூன்று நிமிடம் விளையாடினாலே தவிப்பின் வேகம் தணிந்தது. தவிப்பு என்பது பெரும்பாலும் மனத்தில் ஓடும் படம். அந்த உணவின் நிறமும் மணமும் பிரிக்கும் ஓசையும் கண்முன் வரும். கண்ணையும் மனத்தையும் வேறு வடிவங்களில் ஈடுபடுத்தினால் அந்தப் படத்துக்கு இடமிருக்காது. கட்டங்களை நிரப்பும் எந்த விளையாட்டும், ஓவியம் தீட்டுவதும், அறையின் பொருள்களை அடுக்குவதும் இதே வேலையைச் செய்யலாம். தொலைக்காட்சி உதவாது, விளம்பரத்தில் அதே பாக்கெட் வந்து நிற்கும்.

மணி அடித்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் உண்ணுங்கள். ஆனால் பாக்கெட்டிலிருந்து நேராக அல்ல. ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து, பாக்கெட்டை மூடி வைத்துவிட்டு, உட்கார்ந்து, வேறு எதையும் பார்க்காமல் உண்ணுங்கள். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். தடை என்று ஒன்று இருந்தால் அதை மீறும் வேகமும் கூடவே இருக்கும். அந்த வேகத்துக்கு வேலை கொடுக்காதீர்கள்.

"வாரம் ஒருநாள் மட்டும் எதையும் தின்னலாம்" என்ற ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கும் நாள்களாகிவிடும். நாக்கும் புதிய சுவைக்குப் பழக வழியில்லாமல் போகும்.

தூக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குறிப்பேட்டில் மோசமான நாள்களுக்கு முந்தைய இரவுகளைப் பாருங்கள். தூக்கம் கெட்ட இரவுகளாக இருந்தால், உணவைவிடப் படுக்கை நேரத்தைச் சரிசெய்வதுதான் உங்களுக்கு முதல் வேலை.

8. செலவை நேர்மையாகக் கணக்கிடுங்கள்

இயல்பான உணவு எப்போதுமே மலிவு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மேலே சொன்ன கெவின் ஹால் ஆய்விலேயே, நாளுக்கு 2000 கலோரி தரும் உணவுப் பொருள்களுக்கு வாரத்துக்கு ஆன செலவு மிகையாகப் பதப்படுத்தியதில் 106 டாலர், இயல்பான உணவில் 151 டாலர். ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல். சமைக்கும் நேரமும் எரிபொருளும் தனி. இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு திட்டமிட்டால், மாதக் கடைசியில் பணம் போதாமல் திரும்பிப்போக நேராது.

குறைக்க வழிகள் இருக்கின்றன. புரதத்தில்தான் பெரிய வேறுபாடு. ஒரு பொருளின் விலையை அதிலுள்ள புரதக் கிராமால் வகுத்துப் பாருங்கள். காய்ந்த பருப்பிலும் பயற்றிலும் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். பெரும்பாலான கடைகளில் இந்த இரண்டும்தான் பட்டியலின் மலிவான முனையில் நிற்கும். காய்ந்த பயறு வெந்தால் எடை இரு மடங்குக்கு மேல் ஆகும் என்பதால், டப்பாப் பயற்றின் விலையோடு ஒப்பிடும்போது அதையும் கணக்கில் சேருங்கள். பருவத்தில் விளையும் காயும் கனியும், உறையவைத்தவையும் வாங்குங்கள். வெட்டி, கழுவி, பாக்கெட்டில் போட்ட காய்க்கு வெட்டுக்கூலி கொடுக்கிறீர்கள்.

இப்போது பழைய ரசீதுகளை எடுங்கள். சிப்ஸ், பிஸ்கட், பானங்கள் எல்லாவற்றையும் ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்று மாற்றி எழுதுங்கள். சிறு பாக்கெட்டின் விலை சிறிதாகத் தெரிவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. ஒரு கிலோ சிப்ஸின் விலையை ஒரு கிலோ உருளைக்கிழங்கின் விலைக்கு அருகே எழுதிப் பார்த்தால், கூடுதல் செலவின் ஒரு பகுதியாவது எங்கிருந்து வரும் என்பது தெரியும். வெளியுணவு ரசீதுகளிலிருந்து இன்னொரு பகுதி வரும்.

ஒருமுறைச் செலவு: கனமான பாத்திரம் அல்லது பிரஷர் குக்கர், ஒரு நல்ல கத்தி, மூடியுள்ள டப்பாக்கள். அவ்வளவே. நச்சு நீக்கும் பொடி, உணவுக்கு மாற்றாகக் குடிக்கும் மாவு, ஆசையை அடக்கும் மாத்திரை எதையும் வாங்காதீர்கள். அவற்றில் பலவும் நான்காவது வகையைச் சேர்ந்தவைதான். ஆர்கானிக் பொருள்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சாதாரணக் காய்கறி போதும்.

9. சமையலுக்கு நேரம் ஒதுக்குங்கள்

வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பிடித்துவையுங்கள். அதில் இரண்டு வகைப் பயறோ பருப்போ வேகவையுங்கள், ஒரு தானியம் சமையுங்கள், சில முட்டைகளை அவியுங்கள், காய்களைக் கழுவி நறுக்கி வையுங்கள். சாப்பாடு முழுவதையும் சமைக்க வேண்டாம். பாகங்கள் தயாராக இருந்தால் பசி வரும் வேளையில் பத்து நிமிடத்தில் தட்டு நிறையும். பாக்கெட்டுக்குப் போட்டி அந்தப் பத்து நிமிடம்தான்.

பாதுகாப்பு விதிகளை மறக்காதீர்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டி 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்குள் உண்டுவிடுங்கள், மீதியை உறையவையுங்கள். சோற்றில் இன்னும் கவனம் தேவை: விரைவாக ஆறவைத்து உடனே உள்ளே வையுங்கள். சிவப்பு ராஜ்மாவை குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதிய நீரில் நன்றாகக் கொதிக்கவைத்தே உண்ண வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சு மிதமான சூட்டில் அழியாது. மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் அதை நேரடியாகப் போடாதீர்கள்.

வீட்டுச் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள். கல்லுப்பு, வண்ண உப்பு என்று மாறினால் அயோடின் குறைய வாய்ப்புண்டு.

10. எப்போது எளிதாகும்?

விலக்கத் தொடங்கிய முதல் வாரம்தான் கடினம். காஃபினை நிறுத்தியவர்களுக்கு இன்னும் கடினம். நார்ச்சத்துக்கு வயிறு பழகச் சில வாரம் ஆகும். உப்புக்கும் இனிப்புக்கும் நாக்கு பழகுவது அதைவிட மெதுவாக நடக்கும். சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம்வரை ஆகலாம். நடுவில் எல்லாமே சப்பென்று இருக்கும் ஒரு காலம் வரும். எலுமிச்சை, பூண்டு, மிளகு, மூலிகைகள், வறுத்த வெங்காயம் ஆகியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தி அதைக் கடந்துவிடுங்கள். பிறகு கேரட் இனிக்கும். பழைய பிஸ்கட் திகட்டும்.

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற நடுவளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே 22ஆம் நாள் இன்னும் கடினமாக இருக்கிறதே என்று கைவிட்டுவிடாதீர்கள்.

11. விருந்து, பயணம், மறுபரிசோதனை

விருந்துக்குப் போகுமுன் வீட்டில் சிறிது உண்டுவிட்டுப் போங்கள். அங்கே பரிமாறுவதை மகிழ்ச்சியோடு உண்ணுங்கள். வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். பயணத்துக்குக் கொட்டைகள், பழம், அவித்த முட்டை ஆகியவற்றை முந்தைய இரவே பையில் வையுங்கள். அவித்த முட்டையைச் சூட்டில் நெடுநேரம் வைத்திருக்காமல் முதலில் அதை உண்டுவிடுங்கள். ஒரு வேளை பாக்கெட் உணவு உண்டுவிட்டால் அடுத்த வேளையைப் பட்டினி போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அடுத்த வேளை வழக்கமான தட்டு, வழக்கமான நேரம்.

ரகசியமாக உண்பது, வயிறு வலிக்கும்வரை நிறுத்த முடியாமல் உண்பது, பிறகு கடுமையான வெட்கம் வருவது ஆகியவை அடிக்கடி நடந்தால், அது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது.

மறுபரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. மூன்று மாதம் ஆகுமுன்பே எடுத்தால் பழைய உணவின் கணக்கும் அதில் கலந்திருக்கும். உணவு மாற்றம் நிலைபெற்ற நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து எடுங்கள். பழைய அறிக்கை, புதிய அறிக்கை, குறிப்பேடு, மருந்துப் பட்டியல் நான்கையும் சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எந்த மருந்தைக் குறைக்கலாம், எதைத் தொடர வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். எண்கள் நன்றாக இருக்கின்றன என்று நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.